மஞ்சள் பூசிய கயிறு

முன்னொரு காலத்தில் கோடைமலை நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். சபை நடுவே ஊஞ்சல் போட்டு, ஆடிக்கொண்டேதான் தீர்ப்புச் சொல்வான். ஊஞ்சல் முன்னே போகும்போது ஒரு தீர்ப்பு, பின்னே வரும்போது வேறொரு தீர்ப்பு. வழக்காடுகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அந்தச் சபைக்குத்தான் ஒருநாள் சிலம்பாயி வந்து நின்றாள். வெற்றித் திருநாளன்று கோட்டைக் கோபுரத்தில் கொடி கட்ட ஏறிய அவள் புருஷன் மருதப்பன், கயிறு அறுந்து விழுந்து செத்துப்போயிருந்தான். ராஜாவுக்காக ரத்தம் சிந்தியவன் வீட்டுக்கு உதிரப்பட்டி என்று நிலம் கொடுப்பது அந்த நாட்டு வழக்கம். அதைக் கேட்கத்தான் வந்தாள்.

கேட்க வந்தாளே தவிர, மனசு முழுக்க அந்தக் காலைப்பொழுதுதான். "காத்து பலமா இருக்கு புள்ளே, நாளைக்கு ஏறிக்கவா?" என்றுதான் அவன் கேட்டான். கொடி கட்டுகிறவன் வீட்டுக்கு அரண்மனைச் சேலை வரும். அந்த ஆசையில், "போயிட்டு வாங்க, ஒண்ணும் ஆகாது" என்று இவளே அனுப்பிவைத்தாள். அந்த நாக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது?

களஞ்சிய அதிகாரி பூவராகர் எழுந்தார். கயிறு கொடுத்தவர் அவர்தான். "மகாராஜா, உதிரப்பட்டி போரில் செத்தவனுக்கு! கோபுரத்திலிருந்து விழுந்தவனுக்குக் கொடுத்தால், நாளைக்குப் பனையிலிருந்து விழுந்தவனும் வந்து நிற்பான். கயிறு முதல்தரம். கல் விளிம்பில் உரசவிட்டது அவன் கவனக்குறைவு."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். சிலம்பாயிக்கு நிலம் போனால் போகட்டும் என்றிருந்தது. கவனமில்லாமல் செத்தான் என்றார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"எஞ்சாமி, அவரு கவனமில்லாத ஆளில்லே" என்று மட்டும் சொன்னாள்.

மந்திரி ஆவுடையப்பர் தொண்டையைச் செருமினார். "பூவராகரே, அந்தக் கயிற்றில் மிச்சம் இருக்கிறதா?"

"சுருள் சுருளாக இருக்கிறது. யானையைக் கட்டினாலும் அறாது!"

"நல்லதாய்ப் போயிற்று. மகாராஜா, ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிட்டுத் தங்கள் தீர்ப்பு பாதி காதில் விழுவதில்லை. வெற்றித் திருநாள் கயிறு, அதுவும் களஞ்சிய அதிகாரியே நற்சான்று கொடுத்த கயிறு. அதில் ஊஞ்சல் கட்டினால் என்ன?"

"பலே! கட்டுங்கள்!" என்றான் ராஜா. புதுசு என்றால் அவனுக்கு உயிர்.

சங்கிலியைக் கழற்றிவிட்டுக் கயிற்றைக் கட்டினார்கள். கொடிக்கயிற்றுக்கு மஞ்சள் பூசுவது மரபு. பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. ராஜா வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்காரப் போனான். பூவராகர் பாய்ந்து குறுக்கே வந்தார்.

"ஐயோ மகாராஜா, உட்காராதீர்கள்!"

"ஏன்? யானையைக் கட்டினாலும் அறாது என்றீரே?"

மந்திரி கயிற்றை நகத்தால் சுரண்டினார். மஞ்சள் உதிர்ந்தது. உள்ளே நார் கறுத்து நைந்திருந்தது. கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தேய்ந்த பழைய வடம். புதுக்கயிறு என்று கணக்குக் காட்டி, மஞ்சளைப் பூசிக் கொடுத்திருந்தார் மனிதர்.

"மகாராஜா, போரில் செத்தவனுக்கு எதிரி கோட்டைக்கு வெளியே. மருதப்பனுக்கு எதிரி உள்ளேயே இருந்திருக்கிறான். உதிரப்பட்டி உண்டா, இல்லையா?"

ராஜா முதல்முறையாகத் தரையில் நின்றபடி தீர்ப்புச் சொன்னான். பூவராகரின் பதவி போனது. அவருடைய ஆற்றங்கரை நன்செய் சிலம்பாயிக்கு உதிரப்பட்டியானது. மருதப்பன் மேல் குற்றமில்லை என்று ஊர் ஊராகப் பறையறையச் சொன்னான். மந்திரிக்குத் தன் கழுத்துமாலையைக் கழற்றிப் போட்டான். சபை கைதட்டி ஆரவாரித்தது.

சிலம்பாயி மட்டும் அழுதுகொண்டிருந்தாள்.

"ஜெயித்துவிட்டாயே அம்மா, இன்னும் என்ன வேண்டும்?" என்றான் ராஜா.

"ஒண்ணே ஒண்ணு மகாராசா. இனிமே கொடி கட்ட எவனை ஏத்தினாலும், அந்தக் கயித்துல முதல்ல நீங்க ஊஞ்சல் ஆடிப் பார்த்துட்டு ஏத்துங்க."

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜா தலைகுனிந்து, "அப்படியே ஆகட்டும்" என்றான்.

அன்று முதல் கோடைமலையில் அதுவே சட்டம். கொடிக்கயிற்றில் ராஜா ஆடி இறங்கிய பிறகுதான் ஆள் ஏறுவான். அதற்கப்புறம் கோபுரத்திலிருந்து யாரும் விழுந்ததில்லை.

ஒவ்வொரு திருநாளுக்கும் சிலம்பாயி வருவாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்று, ஊஞ்சல் போய்வருவதையே பார்ப்பாள். கயிறு தாங்கிவிட்டது என்று ஜனங்கள் ஆரவாரிக்கும்போது, "போன உசுரு போனதுதான். அன்னிக்குக் காலையில ஒரே ஒரு தரம் ஆடியிருக்கக் கூடாதா, மகாராசா?" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள்.