அசையாத கரை

குபுக்... குபுக்... குபுக்...

அந்தக் காட்டில் எங்கே நின்றாலும் இந்தச் சத்தம் கேட்கும். பாறை இடுக்கிலிருந்து ஓர் ஊற்று விட்டுவிட்டுப் பொங்கும். அந்தத் தண்ணீர் ஒரு குறுகிய வாய்க்கால் வழியாகக் கீழே குட்டைக்குப் போகும். வாய்க்காலின் இரு கரையும் வெறும் வேர்ப்பின்னல். தண்ணீர் பொங்கினால் கரை விரியும், வடிந்தால் சுருங்கும். அதனால் ஊற்று எவ்வளவு முரட்டுத்தனமாகப் பொங்கினாலும், குட்டைக்கு வரும்போது தண்ணீர் சாதுவாகிவிடும்.

குட்டையில் ஒரு தவளை முட்டையிட்டிருந்தது. பொரிக்க இன்னும் மூன்று நாள். அன்று காலை பார்த்தால் பாதி முட்டையைக் காணோம். ஒவ்வொரு குபுக்குக்கும் தண்ணீர் வந்து பளார் பளாரென்று அறைந்துகொண்டிருந்தது.

தவளை தத்தித் தத்தி மேலே போனது. அங்கே ஒரு நண்டு, நத்தை ஓட்டை நொறுக்கிக் களிமண்ணில் குழைத்துக் கரையில் பூசிக்கொண்டிருந்தது.

“என்ன நண்டண்ணே, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

“பார்த்தா தெரியலையா? விரிஞ்சு சுருங்கி, விரிஞ்சு சுருங்கி, வேரெல்லாம் அறுந்துபோச்சு. விரிசலை அடைக்கிறேன்.”

“வேர் அறுந்தா வேரை வைக்கிறதுதானே?”

“இதெல்லாம் ஊற்று புதுசா இருந்தப்ப முளைச்ச வேர். இனிமே முளைக்காது. கையில இருக்கிறதை வெச்சுத்தானே ஒட்டணும்? தட்டிப் பாரு. இம்மி அசையாது.”

“அது அசையாததாலதான் தண்ணி என் பிள்ளைங்களை அடிச்சிட்டுப் போகுது!”

“கரையைப் பார்க்கிறதுதான் என் வேலை. குட்டையை இல்ல.”

தவளைக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. “சரி, பூசின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி ஏன் விரிசல் விழுது? அதையாவது யோசிச்சீங்களா?”

“அதுக்குத்தான் இன்னும் கெட்டியாப் பூசறேன்.”

“அட தேவுடா. நீங்க கெட்டியாக்கினதாலதான் மொத்த அடியும் பக்கத்து வேர்மேல விழுது. அது அறுந்ததும் அங்கேயும் பூசறீங்க. எங்க போய் முடியும் இது?”

நண்டு பதில் சொல்ல வாயெடுத்தது. அதற்குள் ஊற்று பொங்கியது. பூசிய கரை அசையவே இல்லை. அதை ஒட்டியிருந்த வேர் ஒன்று, இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பட்டென்று அறுந்தது.

நண்டு பழைய பூச்சைப் பெயர்க்கப் பார்த்தது. கொடுக்கு வலித்ததுதான் மிச்சம். ஒரு சில்லு மட்டும் பெயர்ந்தது; அதன் அடியில் வேரென்று எதுவும் இல்லை.

“போனது போகட்டும்ணே. காலையில பூசின ஈரப்பூச்சையாவது வழிச்சு எடுங்க. அங்கே வேர் இன்னும் உயிரோட இருக்கு.”

“தண்ணி கசியுமே.”

“கசியட்டும். கசிவால என் முட்டை போகல.”

நண்டு முணுமுணுத்துக்கொண்டே வழித்தது. வேர்கள் மூச்சு விட்டதுபோல் உப்பின. கரை ஓரம் கசிந்தது. நண்டுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் கை வைக்கவில்லை.

தவளை குட்டைக்குத் திரும்பியது. போன முட்டைகள் போனவைதான். தண்ணீரின் அடி மட்டும் தணிந்திருந்தது. மிச்ச முட்டைகளின்மேல் படிந்த சேற்றைத் தினமும் செய்வதுபோலக் காலால் மெல்ல விலக்கத் தொடங்கியது.

அசைவதையெல்லாம் ஆபத்தென்று இறுக்கி வைப்பவர், தாம் காக்க நினைத்ததையே உடைத்துவிடுவார்.