ஆப்பக்காரி வீட்டைச் சுத்துன கரிக்கோடு

ஆவரம்பட்டணத்து ராஜா முத்துவிசயன் ரொம்ப நல்லவரு. என்ன ஒண்ணு, அவரு தாத்தா போட்ட சட்டத்துல ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டாரு.

அந்தச் சட்டத்துல ஒண்ணு கரிக்கோடு. வாங்கின கடனைத் திருப்பித் தரலையா? கடன்காரரைச் சுத்திக் கரியால ஒரு கோடு. "ராஜா மேல ஆணை!" அவ்வளவுதான். உள்ள இருக்கிறவங்க வெளிய வரக் கூடாது, வெளிய இருக்கிறவங்க உள்ள போகக் கூடாது. மீறினா தலை போயிரும். "கடன் தீர்ந்துச்சு"ன்னு குடுத்தவன் சபையில சொன்னாத்தான் கோட்டை அழிக்கலாம். தாத்தா இரக்கக்காரரும்கூட. கோட்டுக்குள்ள அடுப்பு, தண்ணி, கொல்லைப்புறம் மூணும் இருக்கணும்னு எழுதி வச்சிருந்தாரு. ஆனா வசூல்காரங்க தெருவுல கோடு போட்டு, பேருக்கு ஒரு சட்டி, ஒரு குடம், ஒரு ஓலைத்தட்டி வச்சிட்டுப் போயிருவாங்க. போன வருஷம் உக்கார வச்ச பானைக்காரரு இன்னும் சந்தை முக்குல இருக்காரு. தாடிதான் வளந்திருக்கு.

அவரைப் பாத்ததுல இருந்து ஆப்பக்காரி பொன்னுருவி அந்த முக்குப் பக்கமே போறதில்ல.

புருஷன் வைத்தியத்துக்கு வீட்டை அடகு வச்சு, சவுகார் நாகலிங்கத்துக்கிட்ட நூறு பணம் வாங்கியிருந்தா. புருஷனும் போயிட்டான், மழையும் போயிருச்சு. ஒரு தவணைகூடக் கட்ட முடியல. சவுகார் வீட்டைப் பிடுங்கி ஏலம் போட்டாரு. ஏலத்துக்கு வந்தது ஒரே ஆளு. சவுகாரோட தங்கச்சி புருஷன் குழந்தையப்பன். நாப்பது பணத்துக்கு வீடு முடிஞ்சுது.

மறுநாளே வசூல்காரங்க வந்துட்டாங்க. கொம்பையன் மூக்காலயே பேசுவான். மொக்கையன் அவன் சொன்னதுல கடைசி வார்த்தையை மட்டும் திருப்பிச் சொல்லுவான்.

"ஏங்ங் பொன்னுருவி, மிச்சம் அறுபது பணம்!"

"பணம்!"

"வீடுதான் போயிருச்சேண்ணே?"

"வீடு போச்சு, கடன் போகலியே!"

"போகலியே!"

கோட்டுக்கு ரெண்டு பணம் கூலி அவங்களுக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் கெடு குடுத்துட்டுப் போனாங்க.

பொன்னுருவி அரண்மனைக்கு ஓடினா. ராஜா கேட்டாரு, கனைச்சாரு, பக்கத்துல நின்ன விகடக்காரன் வீரபாகுவைத் திரும்பிப் பாத்தாரு.

"வீரபாகு, தாத்தா சட்டமும் நிக்கணும், இந்தம்மா கண்ணீரும் நிக்கணும். முடியலைன்னா அவகூட நீயும் கோட்டுக்குள்ள உக்காரு."

"ஆப்பம் நல்லா இருக்குமா மகாராஜா?"

"நல்லாத்தான் இருக்கும்."

"அப்ப எனக்கு ரெண்டும் சம்மதம்" என்னான் வீரபாகு. வெளிய வந்ததும் அவகிட்ட கேட்டான். "அக்கா, வெள்ளிக்கிழமை எங்க இருப்பீங்க?"

"எங்கயாவது ஒளிஞ்சுக்குவேன்."

"ஒளியாதீங்க. அன்னைக்குக் குழந்தையப்பன் பால் காய்ச்சுறான். கிரகப்பிரவேசத்துக்கு வாசல் ஏறி வந்தவங்களை விரட்டினா வீட்டுக்கு ஆகாது. தட்டுல வெத்தலை பாக்கு வச்சுக்கிட்டுப் போங்க. போய் நடுக்கூடத்துல உக்காருங்க."

போனா. தன் வீட்டுக்கே விருந்தாளியாப் போனா. கூடத்துக்குப் பச்சை அடிச்சு வச்சிருந்தாங்க. வயித்தெரிச்சலை அடக்கிக்கிட்டு உக்காந்தா. குழந்தையப்பன் பொண்டாட்டி வேற வழியில்லாம சந்தனம் நீட்டினா.

பின்னாலயே கொம்பையன். "சிக்கினியா! ராஜா மேல ஆணை!" கரியைத் தரையில ஊணினான்.

"அண்ணே, அடுப்பு?"ன்னு கேட்டா பொன்னுருவி.

"சட்டி கொண்டு வர்றோம்!"

"வர்றோம்!"

வாசல்ல நின்ன வீரபாகு தலையை நீட்டினான். "அடுப்பங்கரை அங்க, கிணறு இங்க, கொல்லை பின்னால. இத்தனையும் இருக்கையில சட்டியும் குடமும் வச்சா, தாத்தா சட்டத்தை ஏமாத்துறதுன்னு ஆகுமே. ஆணையை வேற வாயில எடுத்துட்டே. போடாம விட்டா உன் தலை. நான் சும்மா சொன்னேன்."

கொம்பையன் கழுத்தைத் தடவிப் பாத்தான். அப்புறம் வெளிய போய், வீட்டைச் சுத்தியே கோடு கிழிக்க ஆரம்பிச்சான். பதினேழு கரிக்கட்டி தேய்ஞ்சுது.

"கோடு சேரப் போகுது!" என்னான் வீரபாகு. "அப்புறம் தாண்டுற தலை ராஜாவுக்கு!"

விருந்தாளிங்க எலையோட ஓடினாங்க. குழந்தையப்பன் பொண்டாட்டியத் தூக்கிக்கிட்டு ஓடினான். உள்ள பாலு நல்லாத்தான் பொங்குச்சு. பொன்னுருவி இறக்கி வச்சா.

பதினோரு நாள் ஆச்சு. ஆளுதான் கோட்டைத் தாண்டக் கூடாது, ஆப்பத்துக்குத் தடையில்ல. வேடிக்கை பாக்க வந்த கூட்டத்துக்கு நீட்டக் கரண்டியில ஆப்பம் நீட்டினா. அரிசியும் தேங்காயும் கூடையில வந்து இறங்குச்சு. நல்ல யாவாரம்.

பன்னெண்டாம் நாள் சபையில குழந்தையப்பன் குதிச்சான். "நான் வாங்கின வீட்டுக்குள்ள நானே போக முடியல! மச்சான், கிரயத்தை ரத்து பண்ணு. என் நாப்பது பணத்தைக் குடு!"

சவுகார் தங்கச்சி அழுற சத்தம் தெரு வரைக்கும் கேட்டுச்சு. சவுகார் பணத்தை எண்ணி வச்சிட்டு ராஜா பக்கம் திரும்பினாரு. "மகாராஜா, அவளை வெளிய வரச் சொல்லுங்க."

"கடன் தீர்ந்துச்சுன்னு சொல்லு, வருவா."

"அது எப்படிங்க? அவளுக்கு என்ன வயசு?"

"நாப்பத்திரெண்டு" என்னான் வீரபாகு. "அவங்கம்மா தொண்ணூத்தாறு வரைக்கும் இருந்தாங்க. தவறி விழுந்துதான் போனாங்க."

சவுகார் வருஷத்தை விரல் விட்டு எண்ணிப் பாத்தாரு. கை விரல் பத்தலை. எல்லாருமா அந்த வீட்டுக்கே போனாங்க. கோட்டு ஓரத்துல நின்னு, வீடாவது மிஞ்சட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சபை முன்னால சொன்னாரு: "கடன் தீர்ந்துச்சு!"

ஒரு குடம் தண்ணியில கோட்டை அழிச்சாங்க.

"வெளிய வாடி!" என்னாரு சவுகார்.

பொன்னுருவி நகரல. கரண்டியைக் கையில வச்சுக்கிட்டே கேட்டா. "ஏன் சவுகாரே? ஏலத்துல போன வீட்டைப் பணம் குடுத்து நீங்களே திருப்பிட்டீங்க. கடனும் தீர்ந்துச்சுன்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. கடன் தீர்ந்தா அடகுப் பொருள் யாருக்கு?"

சவுகார் ராஜாவைத் திரும்பிப் பாத்தாரு. "அந்தம்மாவுக்குத்தான்" என்னாரு ராஜா.

ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் கழண்டு மடியில விழுந்துச்சு. வீரபாகுவுக்கு ஒரு முத்துமாலை குடுத்தாரு. அவன் அதை வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டு, பொன்னுருவியப் பாத்து, "அக்கா, நாலு ஆப்பம், தேங்காப்பால் தனியா" என்னான்.

"உக்காரு தம்பி"ன்னு சொன்னா பொன்னுருவி. "சவுகாரே, நீங்களும் வேணா சாப்பிடுங்க. ஆனா காசைக் கையில வச்சுட்டுச் சாப்பிடுங்க. நான் கடன் குடுக்கிறதில்ல."