வாடை விரட்டு

எந்த வரைபடத்திலும் இல்லாத மலைநாடு ஒன்றில் நொச்சிமேடு என்று ஓர் ஊர் இருந்தது. நம் பக்கத்தில் போகியன்று பழைய பாயைக் கொளுத்திப் பிள்ளைகள் கொட்டு அடிக்கிறார்களே, அதைப் போல அங்கேயும் ஒரு பண்டிகை உண்டு. 'வாடை விரட்டு' என்று பெயர். குளிர்காலம் முடியும் நாளில் பெரிய முரசை முழக்கி, வைக்கோல் பந்தம் கொளுத்தி, ஊரே திரண்டு வாடைக்காற்றைக் கணவாய் வரைக்கும் துரத்திவிட்டு வரும். மறுநாள் தென்றல் உள்ளே வருவாள். விதைப்பு தொடங்கும்.

துரத்துகிறார்களே என்று வாடைக்கு வருத்தம் கிடையாது. ஒரு வருஷம் அவள் தானாகவே கிளம்பிப் போயும் பார்த்தாள். "எங்கேயோ ஒளிஞ்சிருக்கா" என்று சொல்லி ஊர் விதைக்காமல் உட்கார்ந்துவிட்டது. அந்த வருஷம் பாதி விளைச்சல்கூட வரவில்லை. அதற்கப்புறம், விரட்டினால்தான் போவது என்று வைத்துக்கொண்டாள்.

இந்த வருஷமும் மூட்டையைக் கட்டிக்கொண்டு மந்தையில் வந்து உட்கார்ந்தாள். பண்டிகை நாள் வந்தது, போனது. முரசுச் சத்தத்தையே காணோம்.

என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஊர்க்கூட்டத்துக்குப் போனாள். முதல் அடியை யார் அடிப்பது என்று மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் தகராறு.

"முரசுக்குத் தோல் எங்க மாட்டுத் தோல்" என்றார் மேலத்தெருத் தலைவர் சடையாண்டி.

"கட்டை எங்க வேங்கை மரம்" என்றார் கீழத்தெருத் தலைவர் மருதையன்.

"மாடு இல்லாம முரசு ஏதுய்யா?"

"மரம் இல்லாம உங்க மாட்டுத் தோலை எதுல கட்டுவீங்க?"

வாடை ஜன்னல் வழியே ஒரு வீச்சு வீசினாள். எல்லாரும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

அவள் மூலையிலிருந்த முரசிடம் போனாள். "நீயாவது ஒரு தடவை முழங்கித் தொலையேன். நான் போய்ச் சேர்றேன்."

"நல்ல கதையா இருக்கே!" என்றது முரசு. "யாரும் அடிக்காம நான் முழங்கினா அபசகுனம்னு சொல்லி என் தோலை உரிச்சிடுவாங்க. அப்புறம் உரிச்சது எந்தத் தெருன்னு அதுக்கு ஒரு கூட்டம் போடுவாங்க."

கணவாய்ப் பக்கமிருந்து தென்றல் கத்தினாள். "அக்கா, அங்கே என்ன பண்றே? நீ வெளியே வந்தாத்தானே நான் உள்ளே நுழைய முடியும்!"

"என்னைக் கேட்டா? அவங்களைக் கேளு!" என்று எரிந்து விழுந்தாள் வாடை.

நாள்கள் போயின. தானாக முளைத்ததெல்லாம் பனியில் கருகியது. ஊர்க்கோடியில் பூவாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய கைக்குழந்தைக்குச் சளி கட்டி மூச்சு இழுத்தது. கதவிடுக்கில் பழந்துணியை அடைத்துப் பார்த்தாள். கூரையில் புல்லை ஏற்றிப் பார்த்தாள். வாடையும் அந்த வீட்டைவிட்டு விலகி விலகித்தான் உட்கார்ந்தாள். ஆனால் ஊருக்குள் எங்கே உட்கார்ந்தாலும் அவள் மூச்சு அந்தக் குழந்தையின் நெஞ்சில்தான் போய் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு காற்று எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடியும்?

ஒரு மத்தியானம் பூவாத்தாள் குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மந்தைக்கே வந்துவிட்டாள்.

"உனக்கு வெக்கமா இல்லையாடி? நாள் முடிஞ்சும் இப்படிக் குத்தவெச்சு உட்கார்ந்திருக்கியே! என் பிள்ளை மூச்சு விடறதைக் கேளு."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் வாடை. "நான் மூட்டை கட்டி எத்தனை நாளாச்சு தெரியுமா? உங்க பெரிய மனுஷங்க விரட்டினால்ல போக முடியும்? நானா போனா நீங்க நம்பி விதைக்க மாட்டீங்க."

பூவாத்தாள் அந்த மூட்டையைப் பார்த்தாள். அதன் முடிச்சில் பனி இறுகிக் கிடந்தது. அவள் கோபம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"நான் விதைக்கிறேன். கொல்லையில அவரை விதை போடறேன். அது முளைச்சா மத்தவங்களும் தன்னால போடுவாங்க. நீ கிளம்பு."

வாடை எழுந்தாள். பழக்கதோஷம், துரத்துவதற்கு ஆள் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பார்க்கிறே? போயிட்டு வா தாயி" என்றாள் பூவாத்தாள். "ஐப்பசியில வந்திரு. நீ வராட்டி வயல்ல பூச்சி சாகாது."

இத்தனை வருஷத்தில் வாடை 'போ' என்று கேட்டிருக்கிறாள். 'தொலை' என்று கேட்டிருக்கிறாள். 'வந்திரு' என்று யாரும் சொன்னதில்லை. வாடை நடந்தாள். அவள் போன வழியெல்லாம் பனி சொட்டியது.

கணவாயில் தென்றல் அவளை ஒரு தடவை கட்டிப்பிடித்துவிட்டு ஊருக்குள் ஓடினாள். வாடை ஒரு பாறையில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள்.

காலையில் சத்தம் கேட்டு விழித்தாள். கீழே ஊர்க்கோடியில் ஒரு குழந்தை பாலுக்கு வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. இழுப்பு இல்லாத, முழு அழுகை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதையும் அமுக்கிக்கொண்டு வேறொரு சத்தம் ஏறி வந்தது. பந்தங்களோடு ஊரே மலையேறி வந்துகொண்டிருந்தது. முரசை இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து சுமந்து வந்தார்கள்.

"நில்லு, நில்லு!" என்று மூச்சிரைக்கக் கத்தினார் சடையாண்டி. "எல்லாம் பேசி முடிச்சாச்சு. ஆளுக்கொரு கோல், ஒரே நேரத்துல அடி."

"நீ ஒரே ஒரு தடவை ஊருக்குள்ள வந்துட்டுப் போ" என்றார் மருதையன். "முறைப்படி விரட்டணும்ல?"

வாடை மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"என்னை அனுப்பியாச்சு. ஒருத்தி நேர்ல வந்து, போயிட்டு வான்னு சொல்லிட்டா."

தலைவர்கள் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரே குரலில் கேட்டார்கள்:

"எந்தத் தெருக்காரி?"