ஆட்டு ஏப்பம் அளந்த கதை

வெள்ளாற்றூரை ஆண்ட இளவேள் மன்னரை அந்த வருஷத்துக் கோடை பாடாய்ப் படுத்தியது. எவ்வளவு சந்தனம் பூசியும் வியர்வை அடங்கவில்லை.

"இவ்வளவு சூடு எங்கிருந்துதான் வருகிறது?" என்று சபையில் எரிந்து விழுந்தார்.

அமைச்சர் விக்கிரமராயர் இதற்காகவே காத்திருந்தார். ஆற்றங்கரைப் புல்வெளியில் மாளிகை கட்டிக்கொள்ள அவருக்கு நெடுநாள் ஆசை. அங்கே ஆயர்கள் மந்தையோடு குடியிருந்ததுதான் இடைஞ்சல்.

"எல்லாம் ஆடுகளின் வேலை, அரசே. புல்லைத் தின்றுவிட்டு ஓயாமல் ஏப்பம் விடுகின்றன. அந்தக் காற்று மேலே போய்ப் போர்வை மாதிரி மூடிக்கொள்கிறது. ஆயர்களை விரட்டினால் நாடு குளிரும்."

விகடப் புலவன் நக்கண்ணனுக்குப் பகீரென்றது. பிள்ளைகுட்டிகளோடு ஆயர்கள் எங்கே போவார்கள்? ஏப்பத்தைப் பற்றி அமைச்சர் சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் சங்கடம்.

"அரசே, எவ்வளவு ஏப்பம், அது யார் கணக்கில் சேரும் என்று தெரியாமல் எப்படித் தண்டிப்பது?" என்றான்.

"அப்படியானால் பௌர்ணமிக்குள் நீயே அளந்து சொல். முடியாவிட்டால் ஆயர்களோடு நீயும் கிளம்பு" என்றார் மன்னர். அமைச்சர் மீசையைத் தடவிக்கொண்டார்.

நக்கண்ணன் தோல் பைகள் தைக்கச் சொன்னான். கறிக்குப் போகிற ஒவ்வொரு ஆட்டின் மூஞ்சியிலும் ஒரு பையை மாட்டினான். ஆடு அசைபோட்டு ஏப்பம் விட, பை உப்பியது. பையின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட்டின் பின்னாலேயே போனான். எந்த வீட்டு அடுப்பில் அது வெந்ததோ, அந்த வீட்டு வாசலில் பையைத் தொங்கவிட்டான்.

பௌர்ணமியன்று மன்னர் பார்வையிட வந்தார். ஆயர் குடிசைகளில் ஒரு பைகூட இல்லை. அவர்கள் குடித்தது கூழும் மோரும். வணிகர் தெருவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பைகள் ஆடின. அமைச்சர் வீட்டிலோ, பைகளுக்கு நடுவே கதவைத் தேட வேண்டியிருந்தது.

"ஏப்பம் விட்டது ஆடு. என் வாசலில் ஏன் மாட்டினாய்?" என்று சீறினார் அமைச்சர்.

"நீங்கள் கறி கேட்டதால் வளர்த்தார்கள், ஐயா. வளர்த்ததால் அது ஏப்பம் விட்டது."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அரண்மனை வாசல் வரைதான். அங்கே மதில் முழுக்கப் பைகள். மன்னர் முகம் கறுத்தது.

"இதெல்லாம்?"

நக்கண்ணன் கைகூப்பினான். "தினமும் மத்தியானம் அமைச்சர் இங்கேதானே சாப்பிடுகிறார், அரசே."

"அத்தனையும் அவருடையதா? என்னுடையது ஒன்றுமே இல்லையா?"

"இருக்கலாம், அரசே. காற்றின் மேல் பெயர் எழுத வரவில்லை."

மன்னர் மதிலை அண்ணாந்து பார்த்தார். பிறகு மதில் அதிரச் சிரித்தார். தம் மோதிரத்தைக் கழற்றி அவன் விரலில் போட்டார். புல்வெளி ஆயர்களுக்கே என்றார். அரண்மனையில் இனித் திருவிழா நாளில் மட்டும்தான் கறி என்றும் உத்தரவு போட்டார்.

அன்று மத்தியானம் அமைச்சரின் இலையில் கீரைக் கூட்டு விழுந்தது.