பலப்பொடியும் இலுப்பைப் பூவும்

மலைச்சரிவில் இருந்த சுனையின் வாயை ஒரு பாறை அடைத்துக்கொண்டு கிடந்தது. மழைக்காலத்தில் மேலேயிருந்து உருண்டு வந்தது அது. அதன் அடியில் தண்ணீர் கசிந்ததே தவிர ஓடவில்லை. கோடை வந்ததும் மான்கள் ஈரமண்ணை நக்கிவிட்டுப் போயின. குரங்குகள் வேறு காடு தேடிப் போய்விட்டன.

அந்தப் பாறையைத் தள்ள நினைத்தது வேடியன் என்ற கரடி. அதற்கு வேறு வழியும் இல்லை. குகையில் அதன் பெண்டாட்டி மாதியும் சின்னக் குட்டிகளும் இருந்தன. அடுத்த தண்ணீர் ஊர் ஏரியில்தான். அங்கே போக நாய்களைத் தாண்ட வேண்டும். கோடை தொடங்கியதும் அப்படிப் போன ஒரு கரடி திரும்பி வரவே இல்லை.

முதல் தடவை தள்ளியபோது பாறை அசையவில்லை.

"பலம் போதல. பழகினா வரும்" என்றது வேடியன்.

அன்றிலிருந்து விடிந்ததும் சரிவுக்குப் போய்க் கல் உருட்டிப் பழகியது. முதலில் சின்னக் கல். பிறகு கொஞ்சம் பெரிய கல். முடிக்கும்போது தோள் கழன்றுவிடும் போலிருக்கும். கால் நடுங்கும். இலுப்பை மரத்தடிக்கு வந்து பொத்தென்று விழும். உதிர்ந்து கிடக்கும் பூவை அள்ளித் தின்னும். அந்தத் தித்திப்பு உள்ளே இறங்க இறங்கப் போன உயிர் திரும்பி வரும். அப்புறம் பக்கத்துப் புற்றைக் கிளறிக் கறையானை உறிஞ்சிவிட்டு நிழலில் படுத்துவிடும்.

இதையெல்லாம் புதருக்குள்ளிருந்து ஒரு நரி பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் சொக்கன். இலுப்பைப் பூவைக் கண்டால் அதற்கு நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் கரடி படுத்திருக்கும் மரத்தடிக்கு எந்த நரி போகும்?

ஒரு நாள் சொக்கன் தேக்கிலைப் பொட்டலம் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது.

"என்ன மாமா, இப்படி ஓஞ்சு போய்க் கிடக்கறீங்க?"

"கல்லு உருட்டறேன். ஓயாம என்ன செய்யும்?"

"உருட்டறது சரிதான். அப்புறம் திங்கறீங்களே, அதுதான் தப்பு. பூவைத் தின்னா தொப்பை போடும், தோள்ல சதை வைக்குமா? சதை வைக்கிறது கறையான் மட்டும்தான். இது காயவெச்சு இடிச்ச கறையான். பலப்பொடின்னு பேரு வெச்சிருக்கேன்."

வேடியன் மோந்து பார்த்தது. கறையான்தான். "இதுக்கு நான் என்ன தரணும்?"

"உங்ககிட்ட என்ன கேக்கப் போறேன்? நீங்கதான் இனிமே பூவைத் தொட மாட்டீங்களே. வீணாப் போறதை நான் பொறுக்கிக்கறேன்."

வேடியனுக்கு அது நியாயமாகவே பட்டது.

பொடி நெஞ்சில் ஒட்டியது. தாகம் எடுத்தது. சுனையடியில் கசிந்ததை வேடியன் நக்கியே தீர்த்தது. பின்னால் வந்த குட்டிகளுக்கு வெறும் சேறுதான் மிஞ்சியது.

"பாடுபட்டுட்டு வந்து வெறும் பொடியைத் திங்கறீங்களே. ரெண்டு வாய் பூவும் தின்னா என்னங்க?" என்று மாதி கேட்டது.

"உனக்கு இதெல்லாம் தெரியாது, சும்மா இரு" என்றது வேடியன். நீளமாகப் பேசக்கூட அதற்குத் தெம்பில்லை.

நாளாக ஆக அது தூங்கி எழும்போதே களைத்து எழுந்தது. முன்பு உருட்டிய கல்லே இப்போது நகர மறுத்தது. சொக்கனிடம் சொன்னபோது, "பொடி பத்தல மாமா. இன்னொரு பொட்டலம் சேத்துக்கோங்க" என்றது நரி. வேடியன் சேர்த்துக்கொண்டது. களைத்த உடம்பையே இன்னும் அதிகமாகப் பழக்கியது. படுப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டது.

கடைசியில் மாதிக்குப் பால் வற்றியது.

"நான் ஏரிக்குப் போறேன். நீங்க குட்டிங்களைப் பாத்துக்கோங்க" என்றது அது.

"இரு, நான் போறேன்" என்று வேடியன் எழுந்தது. பின்னங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது. மாதி திரும்பிப் பார்க்காமல் சரிவில் இறங்கிப் போனது.

அது திரும்பி வந்தபோது வயிறு நிறையத் தண்ணீர் இருந்தது. ஒரு காது நாய் கடித்துக் கிழிந்து தொங்கியது. மாதி குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டது.

வேடியன் தட்டுத் தடுமாறி இலுப்பை மரத்தடிக்குப் போனது. அங்கே சொக்கன் வயிறு புடைக்கப் பூத் தின்றுகொண்டிருந்தது. கரடியைக் கண்டதும் ஓடப் பார்த்தது. வயிற்றுப் பாரத்தில் ஓட முடியவில்லை.

"பொடியில மண்ணைக் கலந்தியா?" என்று கேட்டது வேடியன்.

"சத்தியமா இல்ல மாமா. பொடி சுத்தம். அதுல சத்தும் இருக்கு."

"அப்புறம் ஏன் என் உடம்பு இப்படி விழுந்துச்சு?"

நரி தலையைக் குனிந்துகொண்டது. "பூ வேண்டாம்னு சொன்னேனே, அதை உங்களுக்காகச் சொல்லல. எனக்காகச் சொன்னேன்."

அடிக்கக் கையைத் தூக்கவும் வேடியனுக்கு அலுப்பாக இருந்தது. "தள்ளிப் போ" என்று மட்டும் சொன்னது. நரி விலகிக்கொண்டது. வேடியன் படுத்தபடியே பூவைத் தின்றது. மரத்தடியில் இன்னும் பிரிக்காமல் கிடந்த பொட்டலத்தைப் பிரித்துப் பொடியையும் தின்றது. பிறகு வெயில் தாழும்வரை தூங்கியது.

மறுநாள் அது கல் உருட்டப் போகவில்லை. தின்றது, படுத்தது. அதன் பிறகு பழகினாலும் அளவாகவே பழகியது. பழகி வந்ததும் முதலில் பூ, கூடவே கறையான், அப்புறம் நிழல். மாதிக்கும் ஒரு வாய் பூ கொண்டுபோனது. மெல்ல மெல்லக் கால் நடுக்கம் நின்றது. பழைய கல் உருண்டது. அதைவிடப் பெரியதும் உருண்டது.

ஒரு காலையில் வேடியன் பாறைக்கு முதுகைக் கொடுத்தது. பாறை கொஞ்சம் ஆடிவிட்டுப் பழையபடி உட்கார்ந்தது.

"நகருங்க, நானும் வரேன்" என்று மாதி பக்கத்தில் தோளைக் கொடுத்தது.

இரண்டும் சேர்ந்து தள்ளின. பாறை சாய்ந்து, சரிவில் உருண்டு, கீழே மரங்களுக்குள் போய் விழுந்தது. முதலில் சேறு வந்தது. பிறகு கலங்கல் வந்தது. அப்புறம் தெளிந்த தண்ணீர் சலசலவென்று ஓடியது. குட்டிகள் அதில் முகத்தைப் புதைத்துக் குடித்தன. வேடியன் எழுந்திருக்க மனமில்லாமல் ஓடும் தண்ணீரிலேயே படுத்துக்கொண்டது. மாதியும் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

உழைத்துக் களைத்த உடம்புக்குத் தெம்பு தரும் உணவும், சதை வளர்க்கும் உணவும், ஓய்வும் சேர்ந்தே வேண்டும்; அதில் ஒன்றை விட்டுவிடச் சொல்பவனுக்கு அதனால் என்ன லாபம் என்று முதலில் பார்க்க வேண்டும்.