இடதுபக்க சீட்

லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவரை குரு என்றுதான் கூப்பிடுவார்கள். புது வண்டி எடுத்தால், அவர் கையால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான் லோடு ஏற்றுவார்கள்.

செங்கோடனுக்கு ஐம்பதை நெருங்கும் வயதில் சொந்தமாக ஒரு லாரி வாய்த்தது. சங்ககிரியில் குரு பொன்னுரங்கத்தின் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். எலுமிச்சம்பழத்தோடு ஒரு கட்டிங் பிளேயரும் வைத்திருந்தான்.

வண்டியில் ஒரு கேமரா இருந்தது. முன்னால் எது குறுக்கே வந்தாலும், டிரைவர் கண் அசந்தாலும் கீச்கீச்சென்று கத்தும். நம் ஊர் ரோட்டில் எதுதான் குறுக்கே வராது? ஆட்டுக்குக் கத்தியது, மொபெட்டுக்குக் கத்தியது, ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு வாய் மூடாமல் கத்தியது. இத்தனை வருஷம் ஓட்டியவனுக்கு ஒரு பெட்டி பாடம் நடத்துவதா என்று செங்கோடனுக்கு மானமே போன மாதிரி இருந்தது. நாளைக்குத் தொப்பூர் கணவாய் வழியாக லோடு போகிறது, அதற்குள் வயரை வெட்டிவிட வேண்டும், குரு சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றான்.

குரு கேபினில் ஏறினார். இடதுபக்க சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"இங்க யாரு வர்றா?"

"யாருமில்லீங் குரு. இப்பெல்லாம் கிளீனரே கிடைக்கறதில்லீங். தனியாத்தான் ஓட்டோணும்."

"என் வண்டியில இங்க யாரு உக்காந்திருந்தா?"

செங்கோடன் சிரித்துவிட்டான். "நான்தானுங்."

இருவருக்கும் அந்த நாட்கள் ஞாபகம் வந்தன. அருமையான நாட்கள். கதவுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டு, தகரத்தை ஓங்கித் தட்டிக்கொண்டே வருவான் செங்கோடன். சைக்கிள் குரு, மாடு குரு, தூங்காதீங்க குரு. பாதிக்கு மேல் வீண் கூச்சல்தான். குரு வாய்க்கு வந்தபடி திட்டுவார். தொப்பூர் இறக்கத்தில், நின்ற பஸ்ஸுக்கு முன்னாலிருந்து குழந்தையோடு ஒரு பெண் ரோட்டில் இறங்கியபோதும் அப்படித்தான் தட்டினான். திட்டிக்கொண்டேதான் குரு பிரேக்கை மிதித்தார். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனாள்.

குரு இறங்கி வந்து எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டார்.

"அப்ப அந்த வயரு, குரு?"

"உன்னைத் திட்டாத நாள் உண்டா?"

"இல்லீங்."

"ஒரு நாளாவது வண்டிய விட்டு எறக்கி உட்டிருக்கறனா?"