டிக்கியின் இடது மூலை

சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் துணி காயாது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அடுப்படியில் கொடி கட்டிப் பாடுபட்டுக் காயவைத்த துணி, காருக்குள் வைத்த பிறகு நனைந்துபோவதைத்தான் கோமதிநாயகத்தால் பொறுக்க முடியவில்லை.

அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல், இலஞ்சிப் பக்கம் வடிவாம்பாள் அம்மா நடத்திவந்த சின்ன மடத்தில் வந்து சேர்ந்தார். அம்மா அவரைவிட வயதில் மிகவும் இளையவர். உபதேசம் என்று பெரிதாக எதுவும் செய்கிறவர் அல்ல. காலையில் கொஞ்ச நேரம் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு எழுந்து அடுப்பை மூட்டுவார்கள். சுற்று ஊர்களில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்குக் கஞ்சியும் சலவை செய்த விரிப்பும் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அங்கே வேலை.

யாரோ தானமாகக் கொடுத்த சின்னக் கார் ஒன்று இருந்தது. பின்கதவை மேலே தூக்கித் திறக்கிற ரகம். அதை ஓட்டுவது கோமதிநாயகம். டிக்கியில் சாமான் ஏற்றுவது, தினமும் சேவைக்கு வந்துபோகிற பேச்சித்தாய். வலது பக்கம் கஞ்சித் தூக்குகள், நடுவில் விரிப்புகள், இடது மூலையில் சுக்குவெந்நீர் கேன். அதுதான் அவள் வழக்கம்.

அன்று மாடக்கண்ணுவின் வீட்டு வாசலில் காரை நிறுத்தி டிக்கியைத் திறந்தபோது, கேனை ஒட்டியிருந்த விரிப்புகள் அடியில் சொதசொதவென்று இருந்தன. மாடக்கண்ணு தறி நெய்தவர். முதுகில் படுக்கைப் புண். அவருடைய மகள் பழைய விரிப்பை ஏற்கெனவே உருவி நனைத்துவிட்டாள். புது விரிப்பு வரும் என்ற நம்பிக்கை.

கோமதிநாயகம் வெறுங்கையோடு உள்ளே போனார். பாயின் மேல் மகளின் சேலை ஒன்றை மடித்துப் போட்டுத்தான் கிழவரைக் கிடத்த வேண்டியிருந்தது. ஜரிகை புண்ணில் உரசியது. மாடக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. ஒரு நாள்தான?"

அவர் திட்டியிருந்தால்கூடக் கோமதிநாயகத்துக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மடத்துக்குத் திரும்பியதும் கோமதிநாயகம் கேனைத் தூக்கிப் பேச்சித்தாயின் முன்னால் வைத்தார்.

"ஏம்மா, இதை ஒழுங்கா மூட மாட்டியா?"

"மூடித்தான் வச்சேன் அண்ணாச்சி."

"பெறகு தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்?"

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளும் நனைந்தது. கோமதிநாயகம் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தில் தண்ணீர் குளம் கட்டிக் கிடந்தது. அடியில் வட்டமாக ஒரு ரப்பர் மூடி இருந்தது. அதைப் பிடுங்கி எறிந்தார். தண்ணீர் கடகடவென்று தரையில் இறங்கியது. இனிமேல் எவ்வளவு கொட்டினாலும் தானாக ஓடிவிடும் என்று திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் பண்பொழிச் சாலை முழுவதும் செம்மண் சகதி. சக்கரம் வாரியடித்த சேறு அந்த ஓட்டை வழியாகவே மேலே ஏறிவிட்டது. மாடக்கண்ணுவின் விரிப்பில் சிவப்பாக ஒரு பெரிய வட்டம். மகள் அதைப் பார்த்து ரத்தம் என்று நினைத்துப் பதறிவிட்டாள்.

அன்று மத்தியானம் அடுப்படியில் எல்லோரும் இருந்தார்கள். சோறு வடிக்கிறவர்கள், காய் நறுக்குகிறவர்கள், சாப்பிட வந்தவர்கள். அத்தனை பேர் முன்னாலும் கோமதிநாயகம் கத்தினார்.

"ஒரு கேனை மூடத் துப்பில்லை. உனக்கெல்லாம் சேவை ஒரு கேடா? வீட்டில சும்மா கெடக்க வேண்டியதுதான?"

பேச்சித்தாய் கையிலிருந்த கரண்டியைச் சட்டியின் மேல் வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். யாரையும் பார்க்காமல் வாசல் வழியாக நடந்து போய்விட்டாள்.

அம்மா மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். 

சாயந்திரம் கோமதிநாயகம் தானே அவரைத் தேடிப் போனார். மனம் கசந்து கிடந்தது. கோபம் போன இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"தப்பு இன்னார் மேலதான்னு நல்லாத் தெரியுது. தெரிஞ்ச பெறகும் கோவப்படாம இருக்கது எப்பிடி?"

"நல்லாத் தெரியுதா?"

"தெரியுதும்மா."

அம்மா எட்டி மழையைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில கஞ்சியை ஆட்டோவில குடுத்துவிட்டுரலாம். நீங்க காரை முத்தத்தில நிறுத்துங்க."

மறுநாள் சாரல் சற்றே விட்டிருந்தது. அவர் காரைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் அம்மா தயாராக இருந்தார். சேலையை இழுத்துச் செருகியிருந்தார். தோட்டத்துக் குழாயில் நீளமான ஹோஸ் மாட்டியிருந்தது. நடைக்கூரையின் கீழே பழைய பேப்பர் விரித்து, அதன் மேல் பேச்சித்தாயின் கேனைத் தண்ணீர் நிரப்பி, மூடிப் படுக்கப் போட்டிருந்தார்.

"டிக்கியில ஒரு துரும்பு இருக்கக் கூடாது. எல்லாத்தையும் எடுத்துருங்க."

ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு எல்லாம் வெளியே வந்தன. அம்மா சொன்னபடி, பக்கச் சுவர்களை மூடியிருந்த பிளாஸ்டிக் தகடுகளையும் கோமதிநாயகம் திருகு கழற்றி எடுத்தார். உள்ளே வெறும் இரும்பும் வயர்களும் தெரிந்தன. ரப்பர் மூடியைத் தேடியெடுத்து, கழுவி, இருந்த இடத்திலேயே பொருத்தினார். இருவருமாகப் பழந்துணி வைத்து ஈரம் போகத் துடைத்தார்கள்.

"இப்போ பின்சீட்டை மடக்கிட்டு உள்ளே படுங்க."

"நானா?"

"நான் வெளியே இருந்து தண்ணி அடிக்கேன். நீங்க உள்ளே இருந்து பாருங்க."

"மெக்கானிக்கிட்ட விட்டா அவன் பாத்துருவானே அம்மா."

"அவரு வந்தாலும் ஒரு ஆள் உள்ளே படுத்துத்தான ஆகணும்?"

கோமதிநாயகம் கனத்த உடம்புக்காரர். முட்டியை மடக்கி, தலையைக் குனிந்து, கையில் டார்ச்சோடு ஒருவழியாக உள்ளே நுழைந்தார். அம்மா பின்கதவை இறக்கிச் சாத்தினார்.

பெட்டிக்குள் அடைத்த மாதிரி இருந்தது. பழைய ரப்பர் வாடையும் நேற்றைய கஞ்சி வாடையும் கலந்து வந்தன. இந்தக் காரை இத்தனை நாளாக ஓட்டுகிறார். இதன் பின்பக்கத்தை உள்ளிருந்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

வெளியே தண்ணீர் இரும்பில் அடிக்கிற சத்தம் கேட்டது.

"கீழே இருந்து வாரேன். பம்பர் பக்கம் அடிக்கேன். தெரியுதா?"

"இல்லைம்மா."

அம்மா அவசரப்படவில்லை. ஒரே இடத்தில் வெகுநேரம் தண்ணீர் விட்டார். பிறகு கொஞ்சம் மேலே.

"லைட்டைச் சுத்தி அடிக்கேன்."

"ஒண்ணும் இல்லை."

"கதவு ரப்பர் ஓரம்."

அவர் டார்ச்சைக் கதவின் விளிம்பு நெடுகக் கொண்டுபோனார். காய்ந்துதான் இருந்தது.

"இல்லைம்மா."

உள்ளே ஏதாவது கசியும் என்று எதிர்பார்த்தாரா, கசியக் கூடாது என்று வேண்டிக்கொண்டாரா? அவருக்கே விளங்கவில்லை. எங்கும் கசியாவிட்டால் தான் சொன்னது சரி. முதுகு வியர்த்தது. மாடக்கண்ணுவும் இப்படித்தான் புரள முடியாமல் கிடப்பாராயிருக்கும்.

"கண்ணாடிக்கு மேலே, கூரை ஓரமா அடிக்கேன்."

இடது கீலுக்குப் பக்கத்தில், கூரையிலிருந்து கதவுக்குப் போகிற வயர்களை ஒரு மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் போர்த்தியிருந்தது. அதன் அடியில் ஏதோ மினுங்கியது. கோமதிநாயகம் டார்ச்சை அசைக்காமல் பிடித்தார்.

ஒரு சொட்டு.

அது கீழே விழவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து, சுவர் இரும்பின் வளைவில் கோடாக ஓடி, தகடு மறைத்திருந்த இடத்தின் வழியாக வந்து, கேன் வைக்கிற இடது மூலையில் போய் நின்றன. கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு சின்ன வட்டம் தேங்கியது.

"அண்ணாச்சி, ஏதாவது தெரியுதா?"

அவர் அந்த வட்டத்தில் விரலை வைத்துப் பார்த்தார். 

"அண்ணாச்சி?"

"தெரியுதும்மா."

கதவு திறந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. இறங்கியதும் அவர் முதலில் பார்த்தது நடைக்கூரைக்குக் கீழே கிடந்த கேனைத்தான். அடியிலிருந்த பேப்பர் மொரமொரவென்று காய்ந்து கிடந்தது.

ரப்பர் குழாயை விரித்துப் பார்த்தார்கள். மடிப்பின் உள்பக்கம் வெடித்திருந்தது. கதவு மூடியிருக்கும்போது கண்ணுக்கே தெரியாத இடம்.

"யாரு செஞ்சது இது?" என்றார் கோமதிநாயகம், பழக்க தோஷத்தில்.

"கதவைத் தொறந்து தொறந்து மூடுதோம்லா," என்றார் அம்மா.

தென்காசியில் அந்தக் குழாய் கிடைத்தது. கோமதிநாயகம் வயர்களைக் கழற்றி, புதிய குழாயை மாட்டி, இரண்டு முனையிலும் சிலிக்கான் பேஸ்ட் தடவி, அது காயும் வரை காத்திருந்தார். பிறகு அம்மாவைத் தண்ணீர் அடிக்கச் சொல்லி, தானாகவே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். வெகுநேரம் அடித்தும் உள்ளே ஈரமில்லை.

தகடுகளைத் திரும்ப மாட்டி முடித்தவர், திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பேச்சிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா. நீங்க சொன்னா கேப்பா."

"என்ன சொல்லணும்?"

"தண்ணி அந்தக் கேன்ல இருந்து வரலைன்னு."

"நான் வெளியே நின்னவ அண்ணாச்சி. தண்ணி எப்பிடி வந்துச்சுன்னு உள்ளே இருந்து பாத்தது நீங்க."

அவர் திருப்புளியை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

பேச்சித்தாய் வீட்டு வாசலில் இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

"கார்ல ஒரு ரப்பர் வெடிச்சிருக்கு. கூரைத் தண்ணி அது வழியா எறங்கி, நீ கேன் வைக்கிற எடத்தில போய் நிக்குது. உன் மேல தப்பே இல்லை. நாந்தான் அறிவுகெட்டுப் போய்ப் பேசிட்டேன்."

 பீடி இலை ஒன்று காற்றில் பறந்தது. அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"மாடக்கண்ணு அண்ணாச்சிக்கு முதுகு எப்பிடி இருக்கு?"

"அப்பிடியேதான் இருக்கு."

"விரிப்பை ரெண்டா மடிச்சுப் போடச் சொல்லுங்க. அந்தப் பிள்ளைக்குத் தெரியாது." பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "அண்ணாச்சி, நீங்க அன்னைக்கு அத்தனை பேரு முன்னால சொன்னீங்க. இங்கன யாரு இருக்கா?"

கோமதிநாயகம் தலையை ஆட்டினார்.

"நாளைக்குக் காலையில வா தாயி. வந்து நில்லு. போதும்."

அவள் வருவாளா என்று தெரியாமல்தான் மறுநாள் அடுப்படியில் காத்திருந்தார். கஞ்சி கொதித்து இறக்கிவைத்தார்கள். கதவோரமாக அவள் வந்து நின்றாள்.

முன்பு கத்திய அதே இடத்தில் நின்றுதான் கோமதிநாயகம் பேசினார்.   ரப்பர் வெடித்திருந்ததைச் சொன்னார். கேன் ஒழுகவே இல்லை என்று சொன்னார். ஓட்டையைத் தேடாமல் ஆளைத் தேடிவிட்டேன் என்று சொன்னார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். காய் நறுக்குகிறவர்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாத மனிதர். 

"என்னை மன்னிச்சிரு தாயி."

பேச்சித்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அதை யாரும் பார்க்கக் கூடாது என்பதுபோலச் சட்டென்று திரும்பி, சுக்குவெந்நீர் கேனைத் தூக்கினாள்.

"நேரமாச்சு அண்ணாச்சி. போய் டிக்கியைத் தொறங்க."

அன்று வழியெல்லாம் மழை ஊற்றியது. மாடக்கண்ணுவின் வாசலில் அவர் விரிப்பை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அடுப்படிச் சூடு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. இரண்டாக மடித்து அவரே விரித்துவிட்டார். கிழவர் முதுகைச் சாய்த்ததும் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு, அப்படியே தூங்கிப்போனார்.

சாயந்திரம் மடத்தில் அம்மா துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக மடித்தார்கள். மனதில் இருந்ததைக் கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

"அம்மா, பேச்சி மேல தப்பில்லைன்னு உங்களுக்கு முதல்லயே தெரியும். அதனாலதான என்னை உள்ளே படுக்க வச்சீங்க?"

அம்மா விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டு நிமிர்ந்தார்.

"இல்லை அண்ணாச்சி. அந்தக் கேன்தான் ஒழுகுதுன்னு நானும் நெனைச்சேன்."